சௌந்தரவல்லி வாய்க்கு ஒரு ஜெபம்

சௌந்தரவல்லி குடத்தைக் குழாயடியில் வைத்தாள். குழாய்த் திருகை முழுக்கத் திறந்து தண்ணீர் நன்றாக வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பாதியாகக் குறைத்தாள். பின்னால் நாலு குடத்தோடு நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் குறைத்தாள். தண்ணீர் நூலாக இறங்கியது. சரிதான், விஷயம் பெரிது, இன்றைக்கும் எனக்கு மினி பஸ் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

காரைக்கால் தலத்தெருவில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே தெருக்குழாய். காலையில் ஆறு மணிக்கு வரும் தண்ணீர் எட்டு மணிக்கு நின்றுவிடும். முழுதாகத் திறந்தால் ஒரு குடம் நிறைய இரண்டு நிமிஷம் ஆகாது. ஆனால் சௌந்தரவல்லி எந்தக் குழாயையும் காரணமில்லாமல் முழுதாகத் திறந்ததில்லை. யார் வீட்டில் புதுக் கட்டில் வந்து இறங்கியது என்பது போன்ற சில்லறைச் செய்திக்கு அரைத் திருகு. மாமியார் மருமகள் சண்டைக்குக் கால் திருகு. பெண் கேட்டு வந்தவர்கள் கைநனைக்காமல் எழுந்து போனார்கள் என்றால் நூல். அப்போதே பன்னிரண்டு வருஷமாகப் பக்கத்தில் நிற்கிறவள் நான். தண்ணீர் விழுகிற சத்தத்தை வைத்தே தெருவில் என்ன நடந்திருக்கும் என்று சொல்லிவிடுவேன்.

அவளை முந்திக்கொள்ள ஒருநாள் ஐந்தரைக்கே குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் அவள் குடம் அங்கே உட்கார்ந்திருந்தது. "வாங்க டீச்சர். உங்களுக்குப் பஸ்ஸுக்கு நேரமாவுதேன்னுதான் நானும் வெள்ளனமே வந்துட்டேன்" என்றாள். தண்ணீர் வர இன்னும் அரைமணி நேரம் இருந்தது. அந்த அரைமணியும் சேர்த்துப் பேசினாள்.

அவள் என்னைவிட இரண்டு வயது இளையவள் என்பதால் எழுத்தில் 'அவள்' என்கிறேன். நேரில் 'வாங்க, போங்க'தான். பூப்போட்ட நைட்டி, அதற்கு மேல் ஈரிழைத் துண்டு. செய்தியின் முக்கியமான கட்டம் வரும்போது துண்டை எடுத்து ஓர் உதறு உதறி மறுபடி தோளில் போடுவாள். யாருடைய பெயரையும் சொல்லமாட்டாள். நீலக் கேட்டு, மாடிப்படி வெளியில இருக்கிற வீடு, பிரெஞ்சு பென்ஷன் வீடு என்றுதான் சொல்வாள். "பேரச் சொன்னா அது பொல்லாப்பு டீச்சர்" என்பாள். எல்லாம் சொல்லி முடித்தபின் முத்திரை வைப்பதுபோல ஒரு வாக்கியம் உண்டு: "நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க."

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். அவள் புளுகமாட்டாள். தெரியாததைத் தெரியாது என்பாள். முந்தாநாள் சொன்னதில் பிழை இருந்தால் மறுநாள் திருத்தம் வரும்: "நகையை அடகு வச்சாங்கன்னு சொன்னேன்ல, இல்லியாம். பாலிஷ் போடத்தான் குடுத்துருக்காங்க. பாவம், தப்பா நெனச்சிராதீங்க." டிவி சீரியலும் பார்க்கமாட்டாள். "அதெல்லாம் பொய்யி டீச்சர், அதப்போயி எவ பாப்பா" என்பாள்.

இதையெல்லாம் இன்றைக்குச் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு அவளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். காரணம் என் மகன். சென்னையில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தவன் எட்டுப் பேப்பரில் அரியர் வைத்துவிட்டுப் பொங்கலுக்கு வந்திருந்தான். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டுதான் திட்டினேன். ஆனாலும் நான் பள்ளிக்கூடத்தில் குரல் வளர்த்தவள். மறுநாள் மீன்காரி அல்லி கூடையை இறக்கி வைத்துவிட்டு, "தம்பிக்கு எட்டாமே டீச்சர்? வஞ்சிரம் குடுங்க, மூளைக்கு நல்லது" என்றாள். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். நான் தரங்கம்பாடியில் பிறந்த லுத்தரன். தெருவில் இறங்கிச் சண்டை போடுவது எங்கள் வழக்கமில்லை. ஆண்டவரிடம் சொல்லிவிடுவதுதான் வழக்கம்.

பைபிளின் சங்கீதங்களில் ஓரிடத்தில், வாய்க்குக் காவல் வைக்கச் சொல்லிக் கேட்கும் ஜெபம் ஒன்று வரும். என் வேதப் புத்தகத்தில் அதன்கீழ் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் 'சௌ.' என்று எழுதி வைத்தேன். ஆண்டவருக்கு எந்த வாய் என்று குழப்பம் வரக் கூடாது அல்லவா? தினமும் ஐந்து மணிக்கு எழுந்து முழங்கால் போட்டேன். வெள்ளிக்கிழமை உபவாசம். காலைப் பலகாரத்தை விட்டுவிட்டு மத்தியானம் இரண்டு வேளைக்கும் சேர்த்துச் சாப்பிடுகிற உபவாசம்தான். யாரோ ஓர் அம்மாள் ஜெபித்த எண்ணெயைச் சுவரில் பூசினால் பக்கத்து வீட்டு வாய் அடங்கும் என்றார்கள். லுத்தரன் சபையில் இதெல்லாம் கிடையாது. அவசரத்துக்குப் பாவமில்லை என்று பொழுது சாயும் நேரத்தில் மதில் நெடுகத் தேங்காயெண்ணெய் பூசினேன். மறுநாள் குழாயடியில் சௌந்தரவல்லி அரைத் திருகில் சொன்னாள்: "டீச்சர், உங்க பக்கத்துச் செவுத்துல எறும்பு சாரை சாரையா ஏறுது. என்னமோ ஒழுவுது பாருங்க."

அவளுக்கு நோய் வரவேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. வந்தால் தொண்டையில் வரலாம் என்று ஒரு யோசனையாகச் சொல்லி வைத்தேன், அவ்வளவுதான். சிக்குன்குனியா ஊரையே கட்டிலில் போட்ட அந்த வருஷம் சௌந்தரவல்லியும் விழுந்தாள். ஸ்தோத்திரம் என்றேன். மூன்றாம் நாள் அவள் வீட்டுக்காரர் தெட்சிணாமூர்த்தி, வேளாண்மை ஆபீஸுக்குக் கிளம்புமுன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மதிலோரம் கொண்டுவந்து போட்டு அவளைக் கைத்தாங்கலாக உட்கார வைத்துவிட்டுப் போனார். அந்த நோய் மூட்டைத்தான் பிடிக்கும். வாய்க்கு மூட்டு கிடையாது போலிருக்கிறது. அடுத்த வாரம் நான் விழுந்தேன். பதினொரு நாள், காலையிலும் ராத்திரியிலும், கஞ்சித் தூக்கோடு நொண்டிக்கொண்டே வந்தாள். ஊட்டியும் விட்டாள். நான் எழுந்து நடமாடியபோது என் ஃபிரிட்ஜில் மூன்று நாள் குழம்பு இருந்தது என்பது தெருக்கோடிவரை தெரிந்திருந்தது.

இங்கே எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பரிபூரணம் அக்கா வீட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு என்னோடு சேர்த்துப் பத்துப் பெண்கள் கூடுவோம். பாட்டு, வேத வாசிப்பு, பிறகு ஜெபக் குறிப்பு. யார் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருவராகச் சொல்ல, அக்கா நோட்டில் எழுதிக்கொள்வார். மற்றவர்கள் குறிப்பெல்லாம் சர்க்கரை, பிரஷர், பிள்ளை வேலை என்று ஒரே மாதிரி இருக்கும். என்னுடையவைதான் விறுவிறுப்பாக இருக்கும். நீலக் கேட்டு வீட்டில் கணவன் குடியை விட வேண்டும். பிரெஞ்சு பென்ஷன் வீட்டில் அண்ணன் தம்பி பாகம் சமாதானமாகப் பிரிய வேண்டும். இவ்வளவு பாரம் என் நெஞ்சில் எப்படி ஏறியது என்று யாரும் கேட்டதில்லை. "டீச்சர் குறிப்பைக் கடைசியா வச்சுக்குவோம்" என்பார் அக்கா. எல்லோரும் பாயில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்காருவார்கள். சௌந்தரவல்லி பெயர் சொல்லமாட்டாள் என்றேன் அல்லவா, நான் சொல்வேன். ஆண்டவருக்குப் பெயரும் விலாசமும் வேண்டாமா? விசாரித்துத் தெரிந்துகொண்டு போய்ச் சொல்வேன்.

என் வீட்டுக்காரர் மட்டும் ஒருமுறை, பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, "அந்தம்மா குழாயோட சரி. நீதான் மைக் செட்டு" என்றார். ஆவிக்குரிய காரியங்களில் அவருக்கு ஞானம் கம்மி என்று அவருக்காகவும் ஒரு குறிப்பு வைத்தேன்.

2007 ஆடி மாசத்தில் ஒரு காலை. சௌந்தரவல்லி குடத்தை வைத்தாள், குழாயைத் திறக்கவே இல்லை. துண்டை உதறவும் இல்லை. வெறும் குடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"விஷ்ணு வந்துருக்கா டீச்சர். வந்து பத்து நாளாச்சு."

விஷ்ணுப்ரியா அவளுடைய ஒரே மகள். பூவத்தில் கட்டிக்கொடுத்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஆடிக்கு அழைத்து வந்திருக்கிறார்கள் என்றுதான் தெரு முழுக்க நினைத்திருந்தோம்.

"ஆடிக்கு வரல. மாப்ள கை நீட்டுறாரு. முதுவுல பாத்தேன், குளிக்கிறப்ப. இவங்கப்பா ஞாயித்துக்கெழம அவங்க பெரியவங்கள வரச்சொல்லிருக்காரு. பேசி, இனிமே தொடமாட்டேன்னு எழுதி வாங்கணும், இல்லன்னா புள்ள படிச்ச சர்ட்டிபிகேட்டையாவது வாங்கிப்புடணும்னு. வெளியில தெரியாம பண்ணணும் டீச்சர். தெரிஞ்சா அந்த மாமியாரம்மா வீம்புக்கு நின்னுரும்." பிறகு என் கையைப் பிடித்தாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் என்னைத் தொட்டது கஞ்சி ஊட்டியபோது மட்டும்தான். "யாருட்டயும் சொல்லாதீங்க."

வழக்கமான முத்திரை வாக்கியம் அன்றைக்கு வரவில்லை. அவள் சொல்ல வேண்டாம் என்றது தன் பெயரை அல்ல, விஷயத்தையே. எனக்கு அது உறைத்தது. சத்தியமாக யாரிடமும் சொல்வதில்லை என்று தீர்மானித்தேன். வெள்ளிக்கிழமைவரை சொல்லவும் இல்லை.

வெள்ளிக்கிழமை, குறிப்புகள் எல்லாம் முடிந்து, பரிபூரணம் அக்கா "டீச்சர்?" என்றார். ஒன்பது முகம் என்னைப் பார்த்தது. எனக்கு நெஞ்செல்லாம் அந்தப் பிள்ளையின் முதுகுதான். நான் வம்பு பேசவில்லை, ஜெபிக்கத்தானே சொல்கிறேன்? கண்ணை மூடிக்கொண்டேன். "பக்கத்து வீட்டுப் பொண்ணு விஷ்ணுப்ரியா. பூவத்துல குடுத்திருக்கு" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னேன். மாமனார் வீடு எந்தத் தெரு என்றுகூட. முடிக்கும்போது நானே அழுதுவிட்டேன். நல்ல ஜெபம் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்புறம் டீ வந்தது.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அவசரக் குறிப்பு என்றால் எங்களிடம் ஜெபச் சங்கிலி என்று ஒன்று உண்டு. ஒருவர் இரண்டு பேருக்குப் போன் செய்ய, அவர்கள் ஆளுக்கு இரண்டு பேருக்குச் சொல்ல, ராத்திரிக்குள் ஊரெல்லாம் முழங்கால் போட்டுவிடும். அப்போதுதான் எல்லோர் கையிலும் செல்போன் வந்திருந்த நேரம், கேட்கவா வேண்டும். சனிக்கிழமை காலையில் சங்கிலி பூவம் போய்ச் சேர்ந்தது. அங்கே நல்ல மனசுள்ள ஒரு சகோதரி, தள்ளியிருந்து ஜெபிப்பதைவிடப் போய் ஜெபிப்பது மேல் என்று, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நேராக மாப்பிள்ளை வீட்டுக்கே போய்விட்டார். மாமியாரிடம், "கவலப்படாதீங்கம்மா, ஒங்க மகன் மருமகள அடிக்கிறத விட்டுருவாரு. காரைக்கால்லேருந்து நாகப்பட்டணம் வரைக்கும் ஜெபிச்சுக்கிட்டு இருக்கோம்" என்றிருக்கிறார்.

சாயங்காலம் நான் தோசைக்கரண்டியோடு அடுக்களையில் நின்றேன். மதிலுக்கு அந்தப் பக்கம் தெட்சிணாமூர்த்தியின் குரல் கேட்டது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே கிடையாது.

"நாளைக்கு வரலங்கிறாங்க! சர்ட்டிபிகேட்டும் கெடையாது, ஒண்ணும் கெடையாதாம். நாகப்பட்டணம் வரைக்கும் எங்க மானம் போச்சுங்கிறாங்க. ஒங்க வூட்டம்மா வாயி சும்மா இருக்குமான்னு கேக்குறா அந்தம்மா, என்னாண்ட பதில் இல்ல. யார்ட்ட சொன்ன? சொல்லு, எத்தன பேர்ட்ட சொன்ன?"



"அம்மாவ ஏன்ப்பா கேக்குற? கேட்டா மட்டும்?" இது விஷ்ணுப்ரியா. "எம் முதுவக்கூட விட்டுவைக்கல." அப்புறம் அறைக்கதவு சாத்துகிற சத்தம்.

என் தோசை கருகிக்கொண்டிருந்தது. சௌந்தரவல்லிக்குத் தெரியும். அவள் சொன்னது என் ஒருத்தியிடம்தான். ஊரில் உள்ளவர்கள் பெட்டியில் என்ன இருக்கிறது, சட்டியில் என்ன இருக்கிறது என்று அட்சரம் பிசகாமல் சொல்கிற வாய், 'டீச்சர்' என்ற ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. அத்தனை வருஷமாக நான் கேட்ட காவலை ஆண்டவர் அன்றைக்குப் பார்த்து அந்த வாய்க்கு வைத்தார்.

மறுநாளிலிருந்து குழாய் முழுத் திருகில் ஓடியது. குடம் வைப்பாள், திறப்பாள், தண்ணீர் தடதடவென்று கொட்டும், எடுத்துக்கொண்டு போய்விடுவாள். என்னைப் பார்க்கமாட்டாள். பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக மினி பஸ்ஸுக்குக் கால்மணி முன்னால் போய் நின்றேன். ஏறி உட்கார்ந்தால் பள்ளிக்கூடம் இருக்கிற நெரவி வரைக்கும் அந்தத் தண்ணீர்ச் சத்தம்தான் காதில். வீட்டில் மகள் அவளோடு பேசுவதில்லை என்று தெரிந்தது. சொன்னது யார் என்கிறீர்களா? அல்லிதான். "தட்டை வாசப்படியில வச்சுட்டு வருது அந்தம்மா. பெத்த பொண்ணு கதவத் தொறக்க மாட்டேங்குது. இருந்தாலும் அந்த வாயி ஆவாது டீச்சர்" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். ஆமாம், ஆட்டினேன்.

மூன்று வாரம் ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அது சுலபம். அவர் பக்கத்து வீட்டில் குடியிருக்கவில்லை. சிவப்புக் கோடு போட்ட அந்த ஜெபத்தை எடுத்துப் பார்த்தேன். கேட்டவர் தன் சொந்த வாய்க்குத்தான் காவல் கேட்டிருக்கிறார். எத்தனை வருஷம் படித்திருப்பேன்! ரப்பர் வைத்து 'சௌ.'வை அழித்தேன். சிவப்புப் பென்சில் லேசில் போகாது, தாள் தேய்ந்து அடுத்த சங்கீதம் தெரிந்தது.

மனசு தாங்காமல் பரிபூரணம் அக்காவிடம் தனியாகப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என் தலையில் கைவைத்து, உருக்கமாக, "இதையும் வெள்ளிக்கெழம குறிப்புல வச்சிரலாமா டீச்சர்?" என்றார்.

"வேணாங்கக்கா!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் கையை எடுத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, வேதப் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு அடுத்த வீட்டுக்குப் போனேன். தெட்சிணாமூர்த்தி கூடத்தில் இருந்தார். அறைக்கதவு சாத்தியிருந்தது. அடுக்களையில் பாத்திரச் சத்தம் என்னைக் கண்டதும் நின்றது. உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. ஐந்தாம் வகுப்புக் கடைசி பெஞ்சுவரை கேட்கிற குரலில், அறைக்கதவைப் பார்த்துச் சொன்னேன்.

"உங்க வீட்டு விஷயத்த வெளியில விட்டது நான். அவங்க இல்ல. அவங்க என் ஒருத்திகிட்டதான் சொன்னாங்க, பாரம் தாங்காம. யாருட்டயும் சொல்லாதீங்கன்னு கையப் பிடிச்சுச் சொன்னாங்க. நான் ஒம்பது பேர்ட்ட சொன்னேன். தெருப் பேரோட சொன்னேன்."

"எதுக்கு டீச்சர்?" என்றார் தெட்சிணாமூர்த்தி. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. புரியாமல் கேட்டார்.

"ஜெபம் பண்ண" என்றேன். அந்தக் கூடத்தில் நின்று சொன்னபோது எனக்கே அது எவ்வளவு அசட்டுத்தனமாக ஒலித்தது தெரியுமா? "என்னை மன்னிச்சுருங்க. பூவத்துக்கும் நானே போயிச் சொல்றேன். அந்தம்மா என்ன திட்டினாலும் கேட்டுக்கிறேன். சர்ட்டிபிகேட் வாங்காம வரமாட்டேன்."

பிறகு தாழ்ப்பாள் விலகியது. விஷ்ணுப்ரியா வாசலில் நின்றாள், பிள்ளை இளைத்துப் போயிருந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. அடுக்களைப் பக்கம் பார்த்து, "பசிக்குதும்மா" என்றாள்.

உள்ளே ஒரு டம்ளர் கீழே விழுந்து உருண்டது. சௌந்தரவல்லி என் எதிரில் வரவில்லை. நான் திரும்பி வந்துவிட்டேன்.

பூவத்துக்கு மூன்று தடவை போனேன். முதல் தடவை கதவு திறக்கவில்லை. இரண்டாம் தடவை திறந்து திட்டினார்கள். மாமியார்க்காரி என்னை, என் சபையை, நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்தை எல்லாம் வாய் ஓயும்வரை பேசினாள். நியாயமான பேச்சு என்று நின்று கேட்டேன். மூன்றாம் தடவை, "இந்தக் கெளவி தெனம் வந்து நின்னா அதுக்கொரு பேச்சாயிரும்" என்று சர்ட்டிபிகேட் கவரைத் திண்டில் போட்டாள். எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயசு. கிழவி என்றதையும் வாங்கிக்கொண்டு கவரை எடுத்து வந்தேன். மதிலுக்கு மேலே நீட்டினேன். சௌந்தரவல்லி வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு இப்போதும் போகிறேன். "டீச்சர்?" என்று அக்கா கேட்டால், "எனக்காக ஜெபிச்சுக்குங்க" என்பேன். "எதுக்குன்னு சொன்னாத்தானே?" என்பார்கள். "ஆண்டவருக்குத் தெரியும்" என்பேன். பாயில் எல்லோரும் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். குறிப்பு சப்பென்று ஆகிவிட்டது என்று அவர்களுக்கு வருத்தம்.

கவர் கொடுத்து ஒன்பதாவது நாள் காலை. மணி ஏழு இருபது. சௌந்தரவல்லியின் கடைசிக் குடம் குழாயடியில் இருந்தது. தண்ணீர் தடதடவென்று கொட்டி முக்கால் குடம் வந்துவிட்டது. நான் என் குடங்களோடு, வழக்கம்போல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே விஷ்ணுப்ரியா எதற்கோ "அம்மா" என்று கூப்பிட்டாள். "வர்றேன்டி" என்றாள் சௌந்தரவல்லி, ஆனால் நகரவில்லை.

நீலக் கேட்டு வீட்டுப் பக்கம் ஒருதரம் பார்த்தாள். துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டாள். பிறகு குனிந்து, குழாயை நூலாகக் குறைத்தாள்.